சின்னக் கொல்லுப்பட்டறை போடுவது எப்படி: கடப்பாரையில் தொடங்கி அரிவாள் வரை

புதிதாகப் பட்டறை போடுகிறவர்கள் முதல் நாளே அரிவாள் அடிக்க ஆசைப்படுவார்கள். வேண்டாம். கடப்பாரை காய்ச்சுவது (தேய்ந்த முனையைச் சூடாக்கி அடித்துச் சீராக்குவது), மண்வெட்டி வாய் தட்டுவது, கல் உளிக்கு முனை எடுப்பது என்று பழுது வேலையில் தொடங்குங்கள். இரும்பு வாடிக்கையாளருடையது, நீங்கள் போடுவது கரியும் கையும்தான். காசும் அன்றைக்கே வந்துவிடும். அதைவிட முக்கியமானது, துவைச்சல், அதாவது காய்ந்த இரும்பை நனைத்து வேண்டிய அளவுக்குக் கடினம் ஏற்றுவது, கைக்குப் படிவது இந்த வேலையில்தான். பட்டறையின் பேர் நிற்பதும் கெடுவதும் துவைச்சலில்தான்.

இடமும் உலையும்

பத்துக்குப் பன்னிரண்டு அடி இடம் போதும். கூரை தகரமாக, பத்தடிக்குக் குறையாத உயரத்தில் இருக்கட்டும். ஓலை கூடவே கூடாது. உலை இருக்கும் மூலையில் நேர் வெயில் விழக் கூடாது. வெயிலில் ஆரஞ்சாகக் காய்ந்த இரும்பும் மங்கல் சிவப்பாகத்தான் தெரியும். இன்னும் காயட்டும் என்று விட்டால் இரும்பு தீய்ந்துவிடும்.

உலைக்குழி பத்து அங்குல அகலம், நாலைந்து அங்குல ஆழம். களிமண்ணோடு மணலும் உமியும் பிசைந்து பூசி, ஒரு வாரம் நிழலில் காயவிட்டு, சின்னத் தீ மூட்டிச் சுட்டெடுங்கள். காற்றுக்குழாய் ஒன்றரை அங்குலக் கறுப்பு இரும்புக் குழாயாக இருக்க வேண்டும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாய் காய்ந்தால் வரும் வெள்ளைப் புகை காய்ச்சலையும் குளிர் நடுக்கத்தையும் கொண்டுவரும். காற்றுக்குத் தோல் துருத்தி தேடி அலைய வேண்டாம், கையால் சுற்றும் ப்ளோயர் போதும். மின் ப்ளோயர் என்றால் காற்றைக் குறைக்க வாயில் ஒரு தகட்டுக் கதவு வையுங்கள். காற்று அதிகமானால் கரியும் வீண், இரும்பின் மேல் செதிலும் கனமாகப் படியும்.

ராமநாதபுரம், விருதுநகர் பக்கத்திலிருந்து வரும் சீமைக்கருவேலங்கரி இந்த வேலைக்கு நல்லது. எலுமிச்சை அளவுக்கு உடைத்து, தூளைச் சலித்துவிட்டுப் போடுங்கள். சிரட்டைக்கரி நல்ல சூடு தரும், ஆனால் காற்றில் பறக்கும். நிலக்கரி மலிவு, அதிலுள்ள கந்தகம் இரும்புக்கு ஆகாது, அடியில் கட்டிதட்டிக் காற்றையும் அடைக்கும்.

பட்டடைக்கல்லும் கருவிகளும்

பட்டடைக்கல் என்பது காய்ந்த இரும்பை வைத்து அடிக்கும் இரும்புக் கட்டி. அதற்குப் பழைய தண்டவாளத் துண்டு மலிவாகக் கிடைக்கிறதே என்று பில் இல்லாமல் வாங்காதீர்கள். ரயில்வே சொத்தைச் சட்டவிரோதமாக வைத்திருப்பது 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பழைய இரும்புக் கடையில் 150 × 150 × 250 மி.மீ. கட்டி இரும்பு கிடைத்தால் அது 44 கிலோ வரும். தொடக்கத்துக்கு அதுவே தாராளம். புளியமரக் கட்டையை இரண்டடி மண்ணில் புதைத்து அதன் மேல் இறுக்குங்கள். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டு முஷ்டி பிடித்தால் விரல் மொட்டு கல்லின் மேல்மட்டத்தில் பட வேண்டும். அதற்குக் கீழே இருந்தால் ஒரே மாதத்தில் இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

ஒரு கிலோ கைச்சுத்தியல், மூன்று கிலோ சம்மட்டி, தட்டை வாயும் உருண்டை வாயுமாக மூன்று நான்கு குறடு, வெட்டுளி, பன்னிரண்டு அங்குல அரம், கிரைண்டர், தண்ணீர்த் தொட்டி, மூடியுள்ள எண்ணெய்த் தொட்டி, பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தம். இவ்வளவுதான். உடுப்பு பருத்தி, காலில் ஷூ, கண்ணுக்குக் கண்ணாடி. பாலியஸ்டர் சட்டையில் பொறி விழுந்தால் துணி உருகித் தோலோடு ஒட்டும்.

முதல் வேலை: கடப்பாரை காய்ச்சுதல்

முதலில் முனையைக் கிரைண்டரில் லேசாகத் தொட்டுப் பொறியைப் பாருங்கள். பொறி கிளை கிளையாக வெடித்தால் கார்பன் உள்ள எஃகு. கிளையில்லாமல் நீண்ட கோடாகப் போனால் கார்பன் குறைந்த சாதா எம்.எஸ். கம்பி, அதற்கு என்ன துவைச்சல் போட்டாலும் ஏறாது. வாடிக்கையாளரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் செய்தால் முனை மடங்கி நாலே நாளில் திரும்பி வரும், பழி உங்கள் மேல்தான்.

முனையிலிருந்து ஐந்து அங்குலம் ஆரஞ்சு நிறம் வரக் காய்ச்சுங்கள். வெடிப்பு இருந்தால் வெட்டுளியால் அந்தத் துண்டைக் கழித்துவிட வேண்டும். அடித்து மூடிய வெடிப்பு உள்ளே அப்படியேதான் இருக்கும். இரண்டு பக்கமும் மாறி மாறி அடித்து வாயை மூன்று சென்டிமீட்டர் அகலத்துக்குக் கொண்டுவாருங்கள். மங்கல் சிவப்புக்கு இறங்கியதும் கையை நிறுத்திவிடுங்கள். கறுத்த பிறகு அடித்தால் உள்ளே கீறல் விழும். பொறி பறக்கிற அளவுக்குக் காய்ந்துபோன முனையையும் காப்பாற்ற முடியாது, வெட்டித்தான் எறிய வேண்டும்.

அடித்து முடித்ததும் கடப்பாரையைச் சாம்பலில் செருகி ஆறவிடுங்கள். ஆறிய பிறகு கடைசி இரண்டு அங்குலத்தை மட்டும் மறுபடி காய்ச்ச வேண்டும். அளவு தெரிய காந்தத்தை வைத்துப் பாருங்கள். சுமார் 770 டிகிரியில் இரும்பு காந்தத்தை விட்டுவிடும். அதற்கு மேல் ஒரு சாயல் ஏறியதும் எடுத்து, முனையை ஒரு அங்குலம் மட்டும் தண்ணீரில் வைத்து மேலும் கீழுமாக ஆட்டுங்கள். ஆட்டாமல் ஒரே மட்டத்தில் பிடித்தால் தண்ணீர்க் கோடு நின்ற இடத்திலேயே பிற்பாடு முறியும். ஐந்தாறு விநாடியில் வெளியே எடுத்துச் செங்கல் துண்டால் முனையைச் சட்டென்று தேய்த்தால் இரும்பு பளிச்சென்று தெரியும்.

இனி கண்ணை எடுக்கக் கூடாது. மேலே உள்ள சூடு கீழே இறங்க இறங்க, தேய்த்த இடத்தில் முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, பிறகு ஊதா, கடைசியில் நீலம் என்று நிறம் முனையை நோக்கி ஓடும். ஊதா வாய்க்கு வந்த நொடியில் முழு முனையையும் தண்ணீரில் விட்டுவிடுங்கள். மஞ்சளிலேயே நிறுத்தினால் கல்லில் பட்டதும் வாய் பொரிந்து தெறிக்கும். நீலம் தாண்டிச் சாம்பல் நிறமானால் வாய் மழுங்கி மடங்கும். தப்பிவிட்டால் கவலையில்லை, திரும்பக் காய்ச்சித் துவைச்சல் போடலாம். கல் உளிக்கும் வழி இதேதான்.

அடுத்தது அரிவாள்

லாரி, ஜீப் பட்டா (வண்டியின் அடியில் அடுக்கியிருக்கும் வில் தகடு) இந்த வேலைக்கென்றே செய்தது போன்ற எஃகு. கார்பன் பெரும்பாலும் 0.5 முதல் 0.65 சதவீதம் இருக்கும். ஓடித் தேய்ந்த பட்டாவில் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கலாம். தொங்கவிட்டுத் தட்டுங்கள். கணீரென்று ஒலித்தால் எடுக்கலாம், சத்தம் உடைந்து வந்தால் ஒதுக்கிவிடுங்கள். பட்டாவின் நடுத்துளையைத் தவிர்த்து 60 மி.மீ. அகலம், 8 மி.மீ. கனத்தில் ஓரடி வெட்டினால் சுமார் 1.15 கிலோ வரும்.

முதலில் பிடிக்குள் போகும் வாலை இழுத்துக்கொள்ளுங்கள். பிறகு வளைவு. புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். வாய்ப்பக்கம் அடித்து மெலிய வைக்கும்போது அந்தப் பக்கம் நீளும். போட்டு வைத்த வளைவு விரிந்து நேராகிவிடும். அதனால் தேவையான வளைவைவிடக் கூடுதலாக முன்கூட்டியே வளைத்துக்கொண்டு, பிறகு வாய் எடுங்கள். துவைச்சலுக்கு முன் வாய் ஒன்றரை மி.மீ. கனத்துக்குக் குறையக் கூடாது. மெலிந்த வாய் துவைச்சலில் நெளியும் அல்லது வெடிக்கும்.

உருவம் வந்ததும் காந்தம் விடும் அளவுக்குக் காய்ச்சிக் காற்றில் ஆறவிடுவதை மூன்று முறை செய்யுங்கள். அடித்த அடியின் இறுக்கம் தளரும். இதைச் சோம்பலில் விட்டவர்களின் அரிவாள்தான் தொட்டிக்குள் வெடித்து ‘டிங்’ என்று சத்தம் போடும். அந்தச் சத்தம் கேட்டால் அது பழைய இரும்புதான்.

பட்டாவுக்குத் தண்ணீர் வேகம் அதிகம், எண்ணெய்தான் பொருத்தம். எட்டுப் பத்து லிட்டர் கடலை எண்ணெயைக் கை பொறுக்காத சூட்டுக்கு, 50-60 டிகிரிக்கு, கொண்டுவாருங்கள். கழிவு இன்ஜின் ஆயில் புகை நுரையீரலுக்குக் கேடு. வாய்ப்பக்கம் மட்டும் அமிழும்படி இறக்குங்கள். முதுகு மென்மையாக இருந்தால்தான் அடி தாங்கும். எண்ணெய் தீப்பிடித்தால் மூடியைப் போடுங்கள், தண்ணீர் ஊற்றவே கூடாது. ஆறியதும் அரத்தை ஓட்டினால் வழுக்க வேண்டும். கடித்தால் உடனே கலங்காதீர்கள். மேல் தோலில் கார்பன் எரிந்து போயிருக்கலாம், கொஞ்சம் தேய்த்துவிட்டு மறுபடி பாருங்கள்.

பழுக்கக் காய்ந்த இரும்புக் கட்டியின் மேல் முதுகை வைத்துச் சூடேற்றுங்கள். வாயில் பழுப்பு நிறம் வந்ததும் தண்ணீரில் விடுங்கள். விறகு, எலும்பு வெட்டுவதற்கு என்றால் ஊதா வரை போகலாம். அதன்பின் சாணை பிடிக்கும்போது வாய் நீலம் பாய்ந்தால் துவைச்சல் அந்த இடத்தில் போய்விட்டது என்று அர்த்தம். இரண்டு ஓட்டத்துக்கு ஒரு முறை தண்ணீரில் நனையுங்கள். பூண் போட்டு, பூவரசு பிடியில் துளை போட்டு, வாலை இறுக்கிவிடுங்கள்.

கூலிக் கணக்கு

இரும்பு கிலோ 70, கரி கிலோ 40 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு அரிவாளுக்கு இரும்பு 80, கரி மூன்று கிலோ 120, சம்மட்டி அடிப்பவருக்கு 700 நாள் கூலியில் நாலில் ஒரு பங்கு 175, பிடியும் பூணும் 60, சாணைக்கல்லும் மின்சாரமும் 30. மொத்தம் 465. நாளைக்கு நாலு அடித்து 750க்கு விற்றால் கையில் நிற்பது 1,140. கடப்பாரை ஒன்றுக்கு 120 கூலி, கரி 30 என்றால் ஆள் துணையில்லாமல் நாளைக்குப் பன்னிரண்டு காய்ச்சி 1,080 பார்க்கலாம். அரிவாள் விற்கும் வரை காத்திருக்க வேண்டும். கடப்பாரைக்காரர் கையில் காசோடு வாசலில் நிற்பார். முதல் வருஷம் எதை நம்புவது என்று இதிலேயே தெரியும்.

“அறுப்பு முடிஞ்சதும் தர்றேண்ணே” என்பவரிடம் கரிக் காசையாவது முன்னால் வாங்கிவிடுங்கள். வந்த கருவிக்கெல்லாம் கம்பியில் எண் வில்லை கட்டி நோட்டில் எழுதுங்கள். பத்துக் கடப்பாரை சாய்ந்து நின்றால் எது யாருடையது என்று யாருக்கும் தெரியாது.

காகித வேலை

சிறுதொழில்களுக்கான ஒன்றிய அரசின் உத்யம் பதிவு இணையத்தில் இலவசம், இடைத்தரகர் வேண்டாம். தமிழ்நாட்டில் 35 வயது தாண்டியவர்கள் கலைஞர் கைவினைத் திட்டத்தைப் பற்றி மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். 3 லட்சம் வரை கடனும், 25 சதவீத மானியமும் (உச்சம் 50,000 ரூபாய்) உண்டு.

ஆயுதச் சட்ட விதிகளில் 9 அங்குலத்துக்கு நீண்ட, அல்லது 2 அங்குலத்துக்கு அகன்ற வெட்டுக்கருவி ஆயுதமாகிவிடும். வீட்டு, விவசாய, தொழில் வேலைக்கென்று செய்தவைக்கு மட்டுமே விலக்கு. ஆகவே வாள், வீச்சரிவாள் ஆர்டர் எடுக்காதீர்கள். அரிவாள் வாங்குகிறவரின் பெயர், முகவரி, போன் எண்ணை ஒரு நோட்டில் ஏற்றுங்கள். 2021 செப்டம்பரில் தமிழ்நாடு காவல்துறையும் பட்டறைகளுக்கு இதைத்தான் சொன்னது. பெயர் சொல்லத் தயங்குகிறவருக்கு விற்காதீர்கள்.