கொடைச் சாப்பாடும் வீட்டு நாயும்: பாசத்தில் செய்யும் தவறுகள்

சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழா என்றால் எங்கள் வீட்டில் மூன்று நாளும் ஆக்கிப் போட்டு மாளாது. பந்தி முடிந்ததும் மிஞ்சின சோற்றில் கறிக்குழம்பை ஊற்றிப் பிசைந்து எங்கள் நாய் வீராவுக்கு வைப்பாள் ஆச்சி. "நமக்கு மட்டுமா கொடை, அதுக்கும்தான்" என்பாள். அவனும் தட்டை வழித்து நக்கிவிட்டுத் திண்ணையோரம் படுத்துக்கொள்வான்.

கொடை முடிந்த மறுநாள் வரை ஒரு குறையும் இல்லை. அதற்கடுத்த நாள் அவன் எழும்பவில்லை. உதட்டை விலக்கிப் பார்த்தால் ஈறு வெளுத்துக் கிடந்தது. மூத்திரம் கடுங்காப்பி நிறத்தில் போனது. டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "குழம்புல எவ்வளவு உள்ளி போட்டீங்க?" என்பதுதான். உள்ளி என்று எங்கள் பக்கம் வெங்காயத்தைச் சொல்வோம்.

நாம் செய்யும் பெரிய தவறு இதுதான். சின்ன உள்ளியும் பல்லாரி என்கிற பெரிய வெங்காயமும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். பூண்டு அதைவிடக் கடுமை. நாயின் எடையில் கிலோவுக்கு 15 முதல் 30 கிராம் வரை உள்ளி போனாலே ரத்தம் கெடும். வீரா 14 கிலோ. அவனுக்கு 210 கிராம் போதும். மூன்று நாள் குழம்பில் அது தாராளமாகப் போயிருக்கும். "நல்லா வெந்துட்டு, இனி என்ன செய்யும்" என்று நினைக்காதீர்கள். வதக்கினாலும் அரைத்தாலும் காயவைத்துப் பொடித்தாலும் அதன் நஞ்சு போகாது. உள்ளியைப் பொறுக்கிப் போட்டுவிட்டுக் கொடுப்பதும், கறித்துண்டைக் கழுவிக் கொடுப்பதும் வீண் வேலை. சாறு ஏற்கெனவே கறியில் இறங்கியிருக்கும். கொடுத்தே ஆகவேண்டும் என்றால், மசாலா சேர்க்குமுன் எலும்பில்லாத நாலு துண்டை எடுத்து, உப்புகூடப் போடாமல் தனியாக வேகவைத்துவிடுங்கள்.

எலும்பு நாய்க்குத்தானே என்பது அடுத்த தவறு. வெந்த எலும்பு சில்லுசில்லாக உடைந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும். கோழி எலும்பு இன்னும் மோசம். நாம் கையால் கொடுக்காவிட்டாலும் எச்சில் இலை போடும் குழிக்கு நாய் தானாகவே போய்விடும். பந்தி நேரத்தில் கட்டிப்போடுவது கொடுமையில்லை.

கிஸ்மிஸ் பற்றி நம் ஊரில் பலருக்கும் தெரியாது. பாயசம், கேசரி, லட்டு, பாளையங்கோட்டைப் பக்கம் கிறிஸ்துமஸ் கேக் என்று எல்லாவற்றிலும் கிடக்கிறது. திராட்சை, காய்ந்ததோ பச்சையோ, சில நாய்களுக்குச் சிறுநீரகத்தையே நிறுத்திவிடுகிறது. அதிலுள்ள டார்டாரிக் அமிலம்தான் காரணமாக இருக்கும் என்று கால்நடை மருத்துவர்கள் கருதுகிறார்கள். நம் புளியிலும் அதே அமிலம்தான். புளி தின்று சிறுநீரகம் கெட்ட நாய்கள் மருத்துவப் பதிவில் உண்டு. ஒரு வாய் ரசஞ்சோறு தின்ற நாயெல்லாம் விழுந்துவிடவில்லை, உண்மைதான். ஆனால் இவ்வளவு வரை பரவாயில்லை என்று ஓர் அளவை யாராலும் சொல்ல முடியவில்லை. அதனால் புளிக்குழம்பும் புளியோதரையும் வேண்டாம் என்பேன்.

அல்வா விஷமில்லை. ஆனால் கையில் ஒட்டாமல் வழுக்குகிற அந்த நெய்தான் ஆபத்து. கொழுப்பு ஒரேயடியாகப் போனால் கணையம் வீங்கி, வாந்தியும் வயிற்றுவலியுமாக நாய் சுருண்டுவிடும். சாக்லேட் ஆகாது என்பது ஓரளவு தெரிந்ததுதான். சர்க்கரை நோயாளிகளுக்கென்று வாங்கிவரும் சீனியில்லா மிட்டாயில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருந்தால், அரைமணி நேரத்திலேயே நாய் தள்ளாட ஆரம்பிக்கலாம்.

ஏதாவது தின்றுவிட்டது என்று தெரிந்ததும் உப்புத்தண்ணீரைக் கரைத்து ஊற்றாதீர்கள். உப்பு ஏறியே நாய் செத்துப்போகும். எண்ணெய் புகட்டினால் நுரையீரலுக்குள் போய்விடும். என்ன தின்றது, எவ்வளவு, எத்தனை மணிக்கு, நாயின் எடை என்ன என்று குறித்துக்கொண்டு, மிட்டாய் உறை இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடுங்கள். திருநெல்வேலி பக்கத்தில் ராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. விசேஷ நாளில் எங்கே யார் பார்ப்பார்கள் என்று முந்தின நாளே விசாரித்து வைப்பது நல்லது.

வீரா பிழைத்துக்கொண்டான். இப்போது கொடை முடிந்து ஐந்தாறு நாளைக்கு, காலையில் வாசல் தெளித்த கையோடு ஆச்சி அவன் உதட்டை விலக்கி ஈறைப் பார்க்கிறாள். விரலால் அமுக்கி விட்டால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் திரும்பவும் ரோஸ் நிறமாக வேண்டும்.