அண்ணி நின்ற வார்டு, என் கையில் போன்

2022 நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் என் அண்ணி எங்கள் பேரூராட்சியில் சுயேச்சையாக நின்றார். வாட்ஸ்அப்பில் வரும் திட்டுக்கும் குறைக்கும் பதில் சொல்ல, போனைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. 23 ஓட்டில் தோற்றோம். இனி தேர்தலில் நிற்பவர்களுக்கு அதில் கற்றதைச் சொல்கிறேன்; ஜெயித்தவன் பேச்சாக இதைக் கேட்க வேண்டாம்.

திட்டி எழுதியவருக்கு உங்கள் வார்டில் ஓட்டு இருக்கிறதா என்று முதலில் வாக்காளர் பட்டியலைப் புரட்டுங்கள். ஊர் வாட்ஸ்அப் குழுவில் அதிகம் சத்தம் போட்டவர் இருந்தது துபாயில். அது தெரியாமல் அவரோடு இரவு 11 மணிக்கு மல்லுக்கட்டினேன். காலையில் டீக்கடையில் எல்லார் போனிலும் என் பதில்கள்தான், ஸ்கிரீன்ஷாட்டாக. இரவு 9 மணிக்கு மேல் போனைத் தொடாதீர்கள்.

ஓட்டு உள்ளவர் குறை சொன்னால், "காலையில் வருகிறோம்" என்று ஒரு வரி போதும். அப்புறம் போக வேண்டும். "சாக்கடை நாறும்போது எங்கே இருந்தீர்கள்?" என்று ஒருவர் கேட்டிருந்தார். அண்ணி போய்ப் பார்த்தால், உடைந்த மூடியில் கால் இடறி அவர் அம்மா விழுந்திருக்கிறார். கோபப்படாமல் என்ன செய்வார்? அண்ணி வாக்குறுதி எதுவும் கொடுக்கவில்லை. அந்தத் திண்ணையிலேயே பேரூராட்சிக்கு மனு எழுதி, தெருக்காரர்களிடம் கையெழுத்து வாங்கினார்.

"புருஷன்தான் கவுன்சிலராக இருப்பார்" என்றும் எழுதுவார்கள். இதற்குப் புருஷனைப் பதில் சொல்ல விடாதீர்கள். நாங்கள் விட்டோம், மானம் போனது. பிறகு அண்ணியே வாய்ஸ் மெசேஜ் போட்டார்.

சுயேச்சைக்கு உண்மையான ஆபத்து, "பணம் வாங்கிக்கொண்டு ஒதுங்கிவிட்டார்" என்ற வதந்தி. வாபஸ் வாங்கக் கடைசி நாள் பிப்ரவரி 7. அது முடிந்தும் வதந்தி ஓடியது. எழுத்தில் மறுத்தால் யாரும் நம்பவில்லை. பஸ் ஸ்டாண்டில், அன்றைய பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணி பேசிய 30 விநாடி வீடியோதான் வேலை செய்தது.

"இவருக்கு ஒன்றும் தெரியாது" என்பது கருத்து, விட்டுவிடுங்கள். வேட்பாளரின் சொந்த நடத்தை பற்றித் தெரிந்தே பொய்யைப் பரப்பித் தேர்தலைத் திருப்பப் பார்த்தால், அது குற்றம்; இப்போது பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 175-ஆம் பிரிவு, தண்டனை அபராதம். அனுப்பியவரின் போன் நம்பரும் நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு புகார் கொடுங்கள். மறுப்பு எழுதுகிறேன் என்று அந்தப் பொய்யையே ஃபார்வர்ட் செய்துவிடாதீர்கள்.

பிரச்சாரம் முடிந்ததும் நிறுத்திவிட வேண்டும். எங்களுக்கு 17-ஆம் தேதி மாலை 6 மணி. 6.20-க்கு துபாய்க்காரர் மறுபடி ஒரு கேள்வி போட்டார். கை துறுதுறுத்தது. போனை அண்ணியின் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன்; அவருக்கு வாட்ஸ்அப் திறக்கத் தெரியாது.