கயாக்கில் தூண்டில் போடச் செல்பவர் தற்காப்புக்குக் கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லும் முறை

டெக்சஸ் கடலோரத்தில், ராக்போர்ட், போர்ட் அரான்சஸ் ஊர்களைச் சுற்றியுள்ள ஆழமற்ற உப்பங்கழிகளில் ரெட்ஃபிஷ் பிடிக்கச் செல்பவர்கள் விடிவதற்கு ஒரு மணி நேரம் முன்பே, ஒருவர் உட்கார்ந்து துடுப்பு போடும் சிறு படகான கயாக்கை இறக்கிவிடுவார்கள். அந்த வேளையில் பல படகுத்துறைகளில் விளக்கும் இருக்காது, ஆளும் இருக்காது. இருட்டில் தனியாக நின்று வண்டியிலிருந்து கயாக்கை இறக்கும் ஒருவருக்கு இடுப்பில் ஒரு கைத்துப்பாக்கி இருந்தால் நல்லது என்று தோன்றுவதில் வியப்பில்லை. ஆனால் கரையில் நிற்பவருக்குத் துணையாக இருக்கும் அதே ஆயுதம், கயாக்கில் உட்கார்ந்த பிறகு வேறொரு பொருளாக மாறிவிடுகிறது. கைக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது, நனைகிறது, துருப்பிடிக்கிறது, கவிழ்ந்தவர் மீண்டும் ஏற முயலும்போது நெஞ்சில் இடிக்கிறது. எனவே துப்பாக்கியை எங்கே மாட்டுவது என்பதை உயிர்காப்பு அங்கியை வைத்தே முடிவு செய்ய வேண்டும் என்பது என் கருத்து. அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் பொழுதுபோக்குப் படகு விபத்துகளில் இறந்தவர்கள் 636 பேர். இறப்புக்குக் காரணம் தெரிந்த நேர்வுகளில் நான்கில் மூன்று பங்கினர் நீரில் மூழ்கியே இறந்தார்கள். அப்படி மூழ்கியவர்களில் ஏறத்தாழ 85 விழுக்காட்டினர் உயிர்காப்பு அங்கி அணிந்திருக்கவில்லை.

முதலில் சட்டம்

அமெரிக்காவில் வாழும் நம்மவர்களுக்கு மிக முக்கியமான செய்தி இது என்பதால் இதையே முதலில் சொல்கிறேன். எச்-1பி, எல்-1, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. மாநிலச் சட்டம் எவ்வளவு தாராளமாக இருந்தாலும் இந்தத் தடை நீங்காது. அமெரிக்காவில் முறைப்படி வழங்கப்பட்ட வேட்டை உரிமம் கையில் இருப்பது இதற்கான விதிவிலக்குகளில் ஒன்று. மீன்பிடி உரிமம் வேட்டை உரிமம் ஆகாது. இரண்டும் ஒரே கவுன்ட்டரில், ஒரே துறையால் விற்கப்படுவதால் பலர் இதில் குழம்பிவிடுகிறார்கள். தடையை மீறினால் 15 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம், குடிவரவு நிலையும் பறிபோகலாம். நண்பருடைய கயாக்கில் அவருடைய துப்பாக்கியை வாங்கிச் சற்று நேரம் வைத்துக்கொள்வதுகூடச் சிக்கலில் கொண்டுபோய் விடலாம் என்பதால், விசாவில் இருப்பவர் இந்த வழியில் இறங்குவதற்கு முன் குடிவரவு வழக்கறிஞர் ஒருவரிடம் பேசிவிட வேண்டும். கிரீன் கார்டு பெற்றவருக்கு இந்தத் தடை இல்லை.

டெக்சஸில் 2021 செப்டம்பர் 1 முதல், சட்டப்படி தடை செய்யப்படாத, 21 வயது நிறைந்தவர் உரிமம் இல்லாமலேயே கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம். படகு இந்தச் சட்டத்தில் தனியாகவே குறிப்பிடப்பட்டிருக்கிறது. உங்கள் கட்டுப்பாட்டில் உள்ள படகில் துப்பாக்கி வெளியே தெரியும்படி இருந்தால், அது உடலில் மாட்டும் துப்பாக்கி உறையான ஹோல்ஸ்டரில் இருந்தாக வேண்டும். இருக்கைமீது வெறுமனே வைப்பதும், தூண்டில் பெட்டியின் மூடிமேல் கிடத்துவதும் குற்றமாகிவிடும். உரிமம் கட்டாயமில்லை என்றாலும் அதை எடுத்து வைத்துக்கொள்வதே மேல் என்பேன். வேறு பல மாநிலங்கள் அதை ஏற்றுக்கொள்கின்றன. அதற்காக உட்கார வேண்டிய வகுப்பில், எப்போது சுடக்கூடாது என்பதைத் தெளிவாகச் சொல்லித் தருகிறார்கள்.

மாநில எல்லை நீருக்குள் கண்ணுக்குத் தெரியாது. காடோ ஏரியிலும் டோலிடோ பெண்ட் நீர்த்தேக்கத்திலும் ஒரு மீனைத் துரத்திக்கொண்டே லூசியானாவுக்குள் போய்விடலாம். இன்றைக்கு லூசியானாவும் உரிமமற்ற முறைக்கு மாறிவிட்டதால் அங்கே பெரிய தொல்லை இல்லை. ஆனால் டெக்சஸில் இயல்பாக இருப்பது நியூ ஜெர்சியில், அந்த மாநிலத்தின் அனுமதி இல்லையென்றால், ஐந்து முதல் பத்து ஆண்டுச் சிறைக்குரிய குற்றம். புளோரிடாவில் மீன்பிடிப்பவருக்கும், மீன்பிடிக்கப் போய் வருபவருக்கும் துப்பாக்கிச் சட்டத்தின் 790.25ஆம் பிரிவு நெடுங்காலமாகவே தனிச்சலுகை தந்திருக்கிறது.

நீர்நிலை யாருடையது என்பதையும் பார்க்க வேண்டும். ராணுவப் பொறியாளர் படையின் பொறுப்பில் உள்ள ஏரிகளில், டாலஸ் அருகிலுள்ள லூயிஸ்வில் ஏரி அவற்றில் ஒன்று, தோட்டா நிரப்பிய துப்பாக்கிக்கு அந்தப் படை தனக்கென்று விதி வைத்து நெடுங்காலமாகத் தடை விதித்து வந்திருக்கிறது. மாநில உரிமம் அங்கே செல்லுபடியாகாமல் போகலாம் என்பதால், கயாக்கை இறக்குவதற்கு முன் அந்த ஏரியின் அலுவலகத்தைத் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். பாட்ரே தீவுத் தேசியக் கடற்கரை போன்ற தேசியப் பூங்காக்களில் 2010 பிப்ரவரி முதல் மாநிலச் சட்டமே பொருந்துகிறது, ஆனால் அங்குள்ள அரசுக் கட்டடங்களுக்குள் துப்பாக்கியோடு நுழையக்கூடாது. கழிவறைக்கு என்று உள்ளே போய் மாட்டிக்கொள்ளாதீர்கள். தனியார் படகுத்துறை வாசலில் 30.05, 30.06, 30.07 என்ற எண்களோடு பலகை தொங்கினால் நின்று படித்துவிட்டுப் போக வேண்டும். துப்பாக்கியோடு நுழைவதைத் தடுக்கும் டெக்சஸ் சட்டப் பிரிவுகளின் எண்கள் அவை, வெறும் அலங்காரம் அல்ல.

எங்கே மாட்டுவது

இடுப்பு ஹோல்ஸ்டர் கரையில் இருக்கும் வரை சரி. கயாக்கில் உட்கார்ந்ததும் உயிர்காப்பு அங்கியின் கீழ்விளிம்பு அதை மூடிவிடும், இருக்கையின் பக்கவார் அழுத்தும், ஓட்டையிட்ட தளத்தின் வழியே ஏறும் நீர் அதை எந்நேரமும் நனைத்துக்கொண்டே இருக்கும். கால்களை முன்னே நீட்டி உட்கார்ந்திருப்பவர் இடுப்பிலிருந்து உருவும்போது குழல்முனை தன் தொடையைக் கடந்தே வெளியே வரும் என்பது இதைவிடப் பெரிய குறை. நீர்புகாப் பையிலோ பெட்டியிலோ போட்டு வைத்தால் துப்பாக்கி நனையாது, ஆனால் அவசரத்துக்கும் கிடைக்காது. கயாக் கவிழ்ந்தால் அது படகோடு மிதந்து போகும், நீங்கள் ஒரு பக்கம் போவீர்கள்.

எனக்குப் பொருத்தமாகப் பட்டது, அங்கியின் மேல் குறுக்காக அணியும் நெஞ்சு ஹோல்ஸ்டர். அதில் விசையை முழுவதும் மூடும் கெட்டியான உறையும், தலைகீழாகத் தொங்கினாலும் விழாதபடி கட்டை விரலால் திறக்கும் பூட்டும் இருந்தாக வேண்டும். துணியாலான தொளதொள உறைகளை வாங்காதீர்கள். இழுத்தால் காற்றில் ஊதிக்கொள்ளும் வகை அங்கியை அணிபவர் அதன்மேல் எந்த வாரையும் போடவே கூடாது. அங்கி ஊதும்போது வார் அதை விரியவிடாமல் தடுக்கும், அல்லது விலா எலும்பை நசுக்கும். நெஞ்சு ஹோல்ஸ்டர் வேண்டுமென்றால் நுரை அடைத்த அங்கிதான் அணிய வேண்டும். அங்கியின் முன்பையில் துப்பாக்கியைச் செருகிக்கொள்பவர்களும் உண்டு. அந்தப் பையில் கத்திரி, நைலான் நூல், சாவி என்று வேறெதுவும் இல்லாமலும், விசை தனி உறையால் மூடப்பட்டும் இருந்தால் மட்டும் அதை ஏற்கலாம்.

மும்முள் தூண்டிலைப் பற்றிப் பலர் யோசிப்பதில்லை. வீசும்போதும் மீனை அள்ளும்போதும் அது நெஞ்சுக்கு அருகில்தான் ஆடும், ஹோல்ஸ்டரின் வாரில் குத்தி மாட்டும். அப்படி மாட்டியதை ஒரு கையால் பிடுங்க முயலும்போது மறு கை துப்பாக்கிப் பிடியின்மேல் ஊன்றுவது இயல்பான செயல், ஆபத்தான செயலும்கூட. முதலில் நூலை வெட்டுங்கள், முள்ளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வீசும் கைக்கு எதிர்ப்பக்கம் பிடி சாய்ந்திருக்கும்படி மாட்டினால் இந்தத் தொல்லை பாதியாகக் குறையும்.

துப்பாக்கியைப் பொறுத்தவரை எடை குறைந்ததும், துரு ஏறாததும் போதும். பதினைந்து தோட்டாக்கள் நிரப்பிய கிளாக் 19 ஏறத்தாழ 850 கிராம் இருக்கும். ருகர் எல்சிஆர் வகை ஐந்து தோட்டா ரிவால்வர் காலியாக 400 கிராமுக்கும் குறைவு. நாள் முழுவதும் துடுப்பு போடுபவருக்கு அந்த எடை வித்தியாசம் மாலையில் தோளில் தெரியும். சன்ஸ்கிரீனும் மீன்வழவழப்பும் ஒட்டிய கையால் பிடிக்க வேண்டியிருக்கும் என்பதால் சொரசொரப்பான பிடி அவசியம். தோட்டாக்களில், ஈரம் புகாதபடி பூச்சால் அடைத்தவையாகப் பார்த்து வாங்குங்கள்.

கவிழ்ந்து பார்த்தல்

மாட்டியது சரியா என்பதைக் கவிழ்ந்து பார்க்காமல் தெரிந்துகொள்ள முடியாது. நீல நிற ரப்பர் பயிற்சித் துப்பாக்கி ஒன்றை, உங்களுடையதே போன்ற அளவில் வாங்குங்கள். உண்மைத் துப்பாக்கியை, காலியாக இருந்தாலும், இந்தப் பயிற்சிக்குப் பயன்படுத்த வேண்டாம். நெஞ்சளவு நீரில், வெயில் காலத்தில், கரையில் ஒரு நண்பரை நிறுத்திக்கொண்டு, எல்லாவற்றையும் அணிந்தபடி கயாக்கை வேண்டுமென்றே கவிழ்த்துவிட்டு மீண்டும் ஏறுங்கள்.

நான் முதன்முறை செய்தபோது நடந்ததைச் சொல்கிறேன். கவிழ்ந்த கயாக்கை நிமிர்த்தி, நடுவில் பிடித்து, காலை உதைத்து வயிற்றால் எக்கி ஏறினேன். ஏறும்போது ஹோல்ஸ்டரின் கீழ்நுனி கயாக்கின் பக்கவிளிம்பில் கொக்கிபோல் மாட்டியது, உடல் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாகத் தொங்கியது. பின்னுக்கு நழுவி மறுபடி எக்கியதில் உறையின் பூட்டு விடுபட்டு, ரப்பர் துப்பாக்கி சேற்றுக்குள் போய்விட்டது. காலால் துழாவிக் கண்டுபிடிக்க இருபது நிமிடம் ஆயிற்று. அன்று மாலையே ஹோல்ஸ்டரை நான்கு விரற்கடை மேலே ஏற்றி, இடப்பக்கம் சாய்த்துக் கட்டினேன். வேறு பூட்டு உள்ள உறையையும் வாங்கினேன். அடுத்த முறை ஏறும்போது உறை விலாவோரம் ஒதுங்கியது. பத்து முறை ஏறி இறங்கியும் துப்பாக்கி உறையைவிட்டு வராமல் இருந்த பிறகே உண்மையானதை மாட்டினேன்.

துப்பாக்கியைக் கயிற்றால் அங்கியோடு கட்டலாமா என்று கேட்பார்கள். கட்டலாம், ஆனால் கயிறு ஓரடிக்கு மேல் நீளக்கூடாது. நீண்ட கயிறு துடுப்பிலும் தூண்டில் கோலிலும் சுற்றிக்கொள்ளும். நீரில் கழுத்தருகே சுற்றினால் கதை வேறு.

எடுக்கக்கூடாத வேளை

கயாக்கில் உட்கார்ந்தவர் முன்னோக்கியே குறி பார்க்க முடியும். உடலைத் திருப்பினால் படகும் ஆடும், துப்பாக்கி உங்கள் காலையோ உடன் வந்தவரையோ கடந்தே திரும்பும். தட்டையான கோணத்தில் நீரில் பட்ட தோட்டா, ஓட்டாஞ்சில்லு தத்துவதுபோலத் தத்தி எதிர்க்கரைக்கே போய்விடக்கூடும், அந்தக் கரையில் யார் நிற்கிறார் என்பது உங்களுக்குத் தெரியாது. கயாக்குக்குள் பாம்பு விழுந்தால் சுடுபவர் பிளாஸ்டிக் தளத்தைத்தான் துளைப்பார். துடுப்பின் நுனியால் தள்ளிவிடுவதே போதும், அல்லது நீங்களே நீரில் இறங்கிவிடலாம். முதலை தென்பட்டால் விலகிப் போங்கள். மீனைக் கோத்துக் கயாக்கின் பக்கத்தில் தொங்கவிடுவதுதான் பெரும்பாலும் அதை அருகே அழைக்கிறது.

மனிதரைப் பொறுத்தவரை, ஒருவர் கத்துகிறார், இடத்துக்காகச் சண்டை பிடிக்கிறார் என்பதற்காகத் துப்பாக்கியைத் தொட்டுக் காட்டுவதுகூட டெக்சஸில் வழக்கில் கொண்டுபோய் விடும். உயிருக்கோ பெருங்காயத்துக்கோ உடனடி ஆபத்து இல்லாதபோது கொல்லும் ஆயுதத்துக்கு இடமில்லை. தப்பிப்பது சட்டப்படி கட்டாயமில்லை என்ற நிலையிலும், துடுப்பு கையில் இருக்கும்போது விலகிப் போவதே எளிய வழி, கயாக் போகும் ஆழமற்ற நீரில் பெரும்பாலான மோட்டார் படகுகளால் பின்தொடர முடியாது. அங்கியில் விசிலும், அவசர அழைப்புக்கான 16ஆம் சேனல் வைத்த நீர்புகா வி.எச்.எஃப் ரேடியோவும் இருக்கட்டும். உதவி உண்மையில் அவற்றின் வழியாகத்தான் வரும். துப்பாக்கி வேண்டாம் என்று முடிவு செய்தவருக்குச் சிறிய மிளகுத் தெளிப்பான் ஒன்று நல்ல மாற்று, ஆனால் காற்றின் திசை பார்த்துத்தான் அடிக்க வேண்டும்.

ஃபால்கன் ஏரி இதற்கெல்லாம் புறம்பான இடம். ரியோ கிராண்டே ஆற்றில் அமைந்த அந்த நீர்த்தேக்கத்தின் நடுவே அமெரிக்க-மெக்சிகோ எல்லை ஓடுகிறது, நீரிலிருந்து எழும் கோபுரத் தூண்கள் அதைக் காட்டும். 2010இல் அங்கே படகுக் கொள்ளையர் பற்றி மாநிலக் காவல்துறை எச்சரித்தது. அதே ஆண்டு செப்டம்பர் 30 அன்று, ஜெட் ஸ்கீயில் மெக்சிகோ பக்கம் சென்ற ஓர் அமெரிக்கர் சுடப்பட்டார் என்று உடன் சென்ற மனைவி தெரிவித்தார், உடல் கிடைக்கவே இல்லை. இதைக் கேட்டுத் துப்பாக்கியோடு அந்தப் பக்கம் போக நினைப்பவர் மனத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். மெக்சிகோ நீருக்குள் துப்பாக்கியோடு, ஏன் பையின் மூலையில் மறந்துபோன ஒரு தோட்டாவோடு நுழைவதும் அந்நாட்டில் சிறைக்குரிய குற்றம். தூண்களுக்கு இந்தப் பக்கமே இருங்கள்.

வார்டனும் வீடு திரும்புதலும்

வனவிலங்கு வார்டன் படகில் நெருங்கி உரிமத்தைக் கேட்டால் இரு கைகளையும் துடுப்பின்மேல் வைத்தபடி, ‘ஐயா, என் நெஞ்சில் கைத்துப்பாக்கி இருக்கிறது, மீன்பிடி உரிமம் வலப்பக்கப் பையில் இருக்கிறது, எடுக்கட்டுமா?’ என்று சொல்லிவிட்டுக் காத்திருங்கள். துப்பாக்கி உரிமம் பெற்றவர் அடையாள அட்டை கேட்கப்படும்போது அதையும் சேர்த்தே காட்ட வேண்டும். அவர் சொல்லும்வரை கை பைக்குப் போகக்கூடாது.

நீரில் மூழ்கிய துப்பாக்கியை உடனே சுடாதீர்கள். குழலில் நிற்கும் நீர் அடைப்பு போல வேலை செய்து அழுத்தத்தைக் கூட்டிவிடும், எனவே குழல்முனையைக் கீழே சாய்த்து வடியவிட வேண்டும். வழியில் சாப்பிட நிறுத்தினால், 51 என்ற சிவப்பு எண் பலகை உள்ள மதுக்கடைக்குள் எடுத்துச் செல்ல முடியாது. காரின் இருக்கைக்கு அடியில் கம்பியால் பூட்டிய பெட்டி ஒன்றை வைத்திருங்கள். வீட்டுக்கு வந்ததும், மீனைச் சுத்தம் செய்வதற்கு முன்பே, துப்பாக்கியைக் காலி செய்து, பிரித்து, நல்ல நீரில் உப்பு போகக் கழுவி, துடைத்து, மின்விசிறிக் காற்றில் நன்றாக உலரவிட்டு, மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுங்கள். தோட்டாக்களை அடுக்கும் மேகசினின் சுருள்வில்லை மறந்துவிடாதீர்கள், துரு முதலில் அங்கேதான் பிடிக்கிறது. அன்று நனைந்த தோட்டாக்களைத் தனி டப்பாவில் போட்டு, அடுத்த முறை சுடும் பயிற்சிக்கு எடுத்துச் சென்று தீர்த்துவிட்டு, கயாக்குக்குப் புதியவற்றை நிரப்புங்கள்.