பழைய துவக்கைக் குழல்வாய் கீழாக நிறுத்துங்கள்

தோளில் அணைக்கும் வால்நட் மரக் கட்டையும் கருநீலம் ஏற்றிய இரும்புக் குழலும் கொண்ட பழைய வேட்டைத் துவக்கு வைத்திருப்பவர்கள், எண்ணெய் பூசியதும் உள்ளே தோட்டா இல்லை என்று உறுதிசெய்துவிட்டு, குழல்வாய் கீழே வரும்படி மடித்த துணியின் மேல் நிறுத்தி, பூட்டி வையுங்கள். கட்டையைக் கீழே வைத்தால் மிஞ்சிய எண்ணெய் வழிந்து, இரும்பும் மரமும் சேரும் இடத்தில் ஊறும். நாளடைவில் வால்நட் கறுத்து மென்மையாகும், சுடும்போது பிளக்கவும் கூடும். அப்பேர்ப்பட்ட மரத்தை எண்ணெயில் ஊறவிட மனசு வருமா?

தோல் உறைக்குள் மட்டும் வைத்துவிடாதீர்கள். நுவரெலியா, அட்டன் பக்கத்து ஈரலிப்பைத் தோல் உறிஞ்சி இரும்போடு ஒட்டிவைத்திருக்கும். கருநீலம் என்பது இரும்பின் மேலேயே உண்டாக்கிய மெல்லிய ஒட்சைட்டுப் படலம். அது தனியாகத் துருவைப் பெரிதாகத் தடுக்காது, எண்ணெயைப் பிடித்துவைப்பதுதான் அதன் பலம். தொட்ட பிறகு கைவியர்வையைத் துடைத்து, எண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லிசாகப் பூசினால் போதும்.

பிளாஸ்டிக் கட்டை, துருப்பிடிக்காத உருக்குக் குழல் உள்ளவற்றுக்கு இந்தக் கவலை குறைவு. ஏற்கெனவே எண்ணெய் ஊறிக் கறுத்த கட்டையை இந்த முறை மீட்காது. அதற்குத் துவக்குத் திருத்துபவரிடம்தான் போகவேண்டும்.