சம்பளம் குறைந்தால் டைரக்டரும் மாட்டுவார்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருப்பூரில் சில பனியன் கம்பெனிகளுக்குச் சம்பளக் கணக்குப் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. வரும் முதலாளிகளில் பாதிப் பேர் கேட்பது ஒன்றுதான்: "பிரைவேட் லிமிடெட் ஆக்கியாச்சே, எது வந்தாலும் கம்பெனி மேலதானே வரும்?"

முதல் தவறே இந்த நினைப்புதான். வாங்கிய கடனுக்கு அது ஓரளவு பொருந்தும், கூலிக்குப் பொருந்தாது. 2025 நவம்பர் 21 முதல் அமலில் இருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பின் 55ஆம் பிரிவு, தவறு நடந்த நேரத்தில் தொழிலை நடத்தும் பொறுப்பில் இருந்தவரையும் கம்பெனியோடு சேர்த்துக் குற்றவாளியாகவே கருதுகிறது. டைரக்டரின் சம்மதமோ அலட்சியமோ காரணம் என்று நிரூபணமானால் அவரும் சிக்குவார். பார்ட்னர்ஷிப் என்றால் பார்ட்னர். பொறுப்பில் இருந்தவர் "எனக்குத் தெரியாது" என்று தப்பிக்கலாம்தான். ஆனால் தெரியாது என்பதையோ, தடுக்க வேண்டிய கவனத்தை எடுத்தேன் என்பதையோ அவரேதான் நிரூபிக்க வேண்டும்.

பெரும்பாலும் யாரும் திட்டம் போட்டுக் கூலியைக் குறைப்பதில்லை. தமிழ்நாட்டில் குறைந்தபட்சக் கூலியோடு சேரும் பஞ்சப்படி ஆண்டுதோறும் ஏப்ரல் 1இல் மாறும். எக்செல் ஷீட்டில் அந்த ஒரு கட்டத்தை மாற்ற மறந்துவிடுவார்கள், அவ்வளவுதான். 30 பேருக்கு நாளுக்கு 60 ரூபாய் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். 26 நாளுக்கு 46,800. ஒரு வருடத்துக்கு 5,61,600. தொழிலாளி மூன்று வருடம் வரை பின்னால் போய்க் கேட்கலாம் என்பதால் 16,84,800 வரை போகும். அதற்கு மேல் பத்து மடங்கு வரை இழப்பீடு போட அதிகாரிக்கு இடம் உண்டு. அபராதம் 50,000 வரை என்பதை மட்டும் படித்துவிட்டு "இவ்வளவுதானா" என்று சிரித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஐந்து வருடத்துக்குள் அதே தவறு மறுபடி நடந்தால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

பீஸ் ரேட் ஆட்களுக்கு இதெல்லாம் கிடையாது என்பது இன்னொரு நினைப்பு. பீஸ் கணக்கில் தைத்தாலும் குறைந்தபட்சத்துக்குக் கீழே போகக் கூடாது. தையல் வேலையை எடுத்துச் செய்யும் பவர் டேபிள் காண்ட்ராக்டரிடம் விட்டுவிட்டால் பொறுப்பு அவருடையது என்பதும் பாதி உண்மைதான். அவர் கொடுக்காவிட்டால் வேலை கொடுத்த கம்பெனி கொடுத்துவிட்டு, அப்புறம் அவரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டியதுதான். 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலேயே இருந்த விதி இது.

"அவனே சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டானே" என்பார்கள். குறைந்த கூலிக்குச் சம்மதிக்கும் ஒப்பந்தம் செல்லாது. டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவது அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பு என்று 1982இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கையெழுத்துகளின் லட்சணமும் தெரிந்ததுதானே. ஒரு கம்பெனியில் தொகை எழுதாத சம்பளப் பட்டியலை நீட்டினார்கள். மூன்று பெயர்களுக்கு எதிரே ஒரே பேனா, ஒரே சாய்வு. கூலி முழுதாகக் கொடுத்தோம் என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளி தலையில்தான் இருக்கிறது. அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு எதை நிரூபிப்பது? பேங்க்கில் போடுங்கள், வருகைப் பதிவும் ஓ.டி. மணிக்கணக்கும் அதனோடு ஒத்துப்போகட்டும். ஓ.டி.க்கு இரட்டைச் சம்பளம் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பி.எஃப். பிடித்துவிட்டுக் கட்டாமல் இருப்பது இதைவிட மோசம். ஆளிடம் பிடித்த பணத்தைக் கட்டாமல் விட்டால் நம்பிக்கை மோசடி வழக்கே வரலாம். "இந்த மாசம் பார்ட்டி பேமென்ட் வரல" என்பது அங்கே எடுபடாது.

வீட்டம்மாவைப் பெயருக்கு டைரக்டராகப் போட்டிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வெறும் பெயர்தான் என்றால் வாதாட வழி இருக்கிறது. சம்பளச் செக்குகளில் அவர் கையெழுத்து இருந்தால் அந்த வாதம் எப்படி நிற்கும் என்று உங்கள் வக்கீலிடம் இப்போதே கேட்டுவிடுங்கள்.