அரக்கு இசைத்தட்டில் ஒளிந்திருக்கும் ஆர்கெஸ்ட்ரா நடத்துநர்களைக் கேட்பது எப்படி

இங்கிலாந்தின் பர்மிங்காமில் குடியிருந்தபோது, பழைய சாமான் கடை ஒன்றில் தேநீர்க் கோப்பைகளுக்குக் கீழே கனமான இசைத்தட்டுக் கட்டு ஒன்று கிடந்தது. மொரான் என்ற இசையமைப்பாளர் எழுதிய ஜி மைனர் சிம்பொனி, வாசித்தது மான்செஸ்டரின் ஹாலே ஆர்கெஸ்ட்ரா, கைகாட்டி நடத்தியவர் லெஸ்லி ஹெவர்ட். அந்தப் பெயரை அதற்கு முன் நான் கேட்டதே இல்லை. 1930இலிருந்து பர்மிங்காம் ஆர்கெஸ்ட்ராவையே நடத்தியவர் அவர். காசநோயோடு போராடி 1943இல் 45 வயதில் இறந்துவிட்டார். இந்தச் சிம்பொனியை 1938இல் முதன்முதலில் மேடையேற்றியவரும் அவர்தான். நான் வாங்கிய பதிவு 1942 கடைசியில், அவர் இறப்பதற்குச் சில மாதங்கள் முன்பு செய்தது. அந்த ஊரில் அத்தனை வருடம் இருந்தும் எனக்கு இது தெரியாமல் போயிற்றே என்று அன்று இரவு தூக்கம் வரவில்லை.

அன்றிலிருந்து இப்படி மறந்துபோன நடத்துநர்களைத் தேடித் தேடிக் கேட்கிறேன். நீங்களும் தொடங்க நினைத்தால், முதலில் நடத்துநரைத் தேடாதீர்கள். தெரியாத பெயரை எப்படித் தேடுவது? உங்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரு படைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 1950க்கு முன் அதை யாரெல்லாம் பதிவு செய்தார்கள் என்று பாருங்கள். புதுப் பெயர்கள் தானாக வந்து விழும்.

நான் எடுத்தது இசையமைப்பாளர் குஸ்தாவ் மாலரின் இரண்டாம் சிம்பொனி. முதல் பெயரே ஆஸ்கர் ஃப்ரீட். 1924இல் பெர்லின் ஸ்டேட் ஆப்பரா ஆர்கெஸ்ட்ராவை வைத்து முழுச் சிம்பொனியையும் பதிவு செய்திருக்கிறார். அப்போது இசைத்தட்டுப் பதிவுக்கு மைக் கிடையாது. அது 1925இல்தான் வந்தது. வாசிப்பவர்கள் ஒரு பெரிய கூம்புக் குழாயின் முன் நெருக்கியடித்து உட்கார வேண்டும். டபுள் பேஸ் என்ற பெரிய தந்திவாத்தியத்தின் ஒலி குழாயில் சரியாக ஏறாது என்பதால் டியூபா என்ற பித்தளை ஊதுவாத்தியத்தை வைத்து நிரப்புவது அக்கால வழக்கம். இத்தனைக்கும் நடுவில் ஃப்ரீட் கோரஸையும் பாடகிகளையும் கொண்டுவந்து நிறுத்தினார். 1905இல் அவர் பெர்லினில் இதே சிம்பொனியை நடத்தியபோது மாலரே அரங்கில் இருந்தார். மேடைக்கு வெளியே வாசிக்கும் குழுவைக் கவனித்துக்கொண்டவர் பின்னாளில் பெரிய நடத்துநராகப் பேர் வாங்கிய ஆட்டோ க்ளெம்பரர், அப்போது இளம் வயது. ஃப்ரீட் 1934இல் ஜெர்மனியை விட்டு சோவியத் நாட்டுக்குப் போய், 1941இல் மாஸ்கோவில் இறந்தார்.

சரி, கேட்பது எப்படி? ஹெட்ஃபோன் வேண்டாம். அதில் கரகரப்பு காதுக்குள்ளேயே உட்கார்ந்துகொள்ளும். ஸ்பீக்கரில், மிதமான சத்தத்தில், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து கேளுங்கள். முதல் பத்து நிமிடம் எதையும் எடைபோட வேண்டாம். காது பழகட்டும். அப்புறம் இரண்டாம் பகுதிக்குப் போங்கள், அந்த மெதுவான நடனத்துக்கு. வயலின்கள் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிக்கொண்டு போவதைக் கேட்பீர்கள். நம் வயலினில் ஜாரு என்போமே, அதற்குப் பக்கத்தில் நிற்கும் விஷயம். இன்றைய ஆர்கெஸ்ட்ராக்களில் இது பெரும்பாலும் போய்விட்டது. அந்த நாளில் இதுதான் சாதாரணப் பேச்சு. அதே இடத்தைப் புதிய பதிவு ஒன்றிலும் கேளுங்கள். வித்தியாசம் அங்கேதான் புரியும்.

சுருதியைக் கட்டாயம் சரிபாருங்கள். நிமிடத்துக்கு 78 சுற்று என்பதால் இவற்றை ‘78’ என்று சொன்னாலும் அந்தத் தட்டுகள் எல்லாம் சரியாக அந்த வேகத்தில் பதிந்தவை அல்ல, முக்கியமாக 1925க்கு முந்தையவை. வேகம் ஆறு சதவீதம் கூடினால் சுருதி அரை ஸ்வரம் ஏறிவிடும், அதாவது சி மைனர் சி ஷார்ப் மைனராக ஒலிக்கும். போனில் இருக்கும் ட்யூனர் செயலியே இதற்குப் போதும். ஒரு பதிவு ‘அவசரமாக இருக்கிறது’ என்று நடத்துநரைக் குறை சொல்வதற்கு முன் இதைச் செய்யுங்கள். குற்றம் தட்டைச் சுழற்றியவருடையதாக இருக்கலாம்.

ஒரே தட்டைப் பலர் கணினிக்கு மாற்றியிருப்பார்கள். கரகரப்பே இல்லாததைத் தேர்ந்தெடுக்காதீர்கள். இரைச்சலை வழித்தெடுக்கும்போது வயலினின் மேல் ஒலியும் சேர்ந்து போய்விடும், எல்லோரும் போர்வைக்குள் உட்கார்ந்து வாசிப்பதுபோல் இருக்கும். கொஞ்சம் கரகரப்போடு, காற்றும் இருக்கிற பிரதியே நல்லது. இன்டர்நெட் ஆர்க்கைவ், பிரான்ஸ் தேசிய நூலகத்தின் கலிக்கா, லண்டன் கிங்ஸ் கல்லூரியின் சார்ம் தொகுப்பு மூன்றிலும் நிறையக் கிடைக்கும். இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவு உரிமை 60 ஆண்டுதான், ஆகவே அந்தக் காலத்துத் தட்டுகளைப் பற்றி இங்கே தயக்கம் வேண்டாம்.

தட்டையே வாங்கிவிட்டீர்கள் என்றால் ஒன்றை மறக்காதீர்கள்: அது அரக்கு. பூச்சி தரும் அதே அரக்கோடு கல்தூளைக் கலந்து அழுத்திச் செய்தது. ஸ்பிரிட் பட்டால் கரையும். நான் வாங்கிய கட்டில் ஒரு தட்டை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து, ஒரு பக்கத்தின் பளபளப்பையே அழித்துவிட்டேன். அந்தப் பக்கத்தைப் போடும்போதெல்லாம் மனசு வலிக்கிறது. ஆறிய தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரச் சோப்பு, மென்மையான பிரஷ், நடுவில் உள்ள காகிதத்தில் ஈரம் படாமல் கழுவுவது, இவ்வளவுதான் தேவை. பின்னால் வந்த நீள்நேர வினைல் தட்டுகளுக்கான எல்பி ஊசியையும் போடாதீர்கள். 78இன் பள்ளம் அகலமானது, எல்பி ஊசி அடிமட்டத்தில் உரசி வெறும் இரைச்சலைத்தான் எடுக்கும். 78க்கென்று தனி ஊசி விற்கிறது.

ஃப்ரீடைக் கேட்டு முடித்ததும் டோக்கியோவுக்குப் போங்கள். ஹிதெமாரோ கோனோயே என்பவர் 1930இல் அங்கே மாலரின் நான்காம் சிம்பொனியைப் பதிவு செய்தார். அதன் முதல் முழுப் பதிவு அதுதான், வாசித்தது இன்றைய என்எச்கே ஆர்கெஸ்ட்ராவின் முன்னோடிக் குழு. முதல் பக்கம் நான்கு நிமிடத்துக்கு மேல் ஓடாது. மணி ஒலி தொடங்கும்போது விளக்கை அணைத்துவிடுங்கள்.