இடுப்பு மூட்டு மாற்றிய பிறகும் வலி விடவில்லையா? இந்தத் தப்புகளைச் செய்யாதீர்கள்

ஆபரேஷன் முடிந்த முதல் சில மாதங்கள் வலி இருப்பது சகஜம்தான். ஆனால் குறையவே இல்லை என்றாலோ, நன்றாக நடந்துகொண்டிருந்தவருக்குச் சில வருடம் கழித்துப் புதிதாகக் கிளம்பினாலோ, "வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று வலி மாத்திரையோடு காலம் தள்ளாதீர்கள். உள்ளே வைத்த மூட்டிலேயே கோளாறு இருக்கலாம்.

டாக்டரிடம் போய் வெறுமனே "இடுப்பு வலிக்குது" என்று சொன்னால் போதாது. எங்கே, எப்போது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. நாற்காலியிலிருந்து எழுந்து வைக்கும் முதல் சில அடிகளில் தொடை சுளீரென்று வலித்து, நடக்க நடக்கக் குறைந்தால், தொடை எலும்புக்குள் இறக்கிய செயற்கை மூட்டின் தண்டு பிடிப்பு விட்டிருக்கிறதா என்று பார்ப்பார்கள். காரில் ஏறக் காலைத் தூக்கும்போது கவட்டையில் வலித்தால், இடுப்பெலும்பில் பொருத்திய கிண்ணம் போன்ற கப்பின் விளிம்பு முன்பக்கம் துருத்திக்கொண்டு தசைநாரை உரசுகிறதோ என்று சந்தேகம் வரும். படுத்திருந்தாலும் விடாத வலி என்றால் முதல் கவலை கிருமித்தொற்று.

அங்கேதான் பெரிய தப்பு நடக்கிறது. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஆன்டிபயாட்டிக் போட்டுவிட்டு, அப்புறம் மூட்டிலிருந்து ஊசியில் நீர் எடுத்து, கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் டெஸ்டுக்கு அனுப்பினால், தொற்று இருந்தும் இல்லை என்று ரிசல்ட் வந்துவிடலாம்.

ஒரே ஒரு எக்ஸ்ரே நார்மல் என்றதும் நிம்மதியாகிவிடாதீர்கள். மூட்டின் பிடிப்பு தளர்வது ஆரம்பத்தில் படத்தில் தெரியாமல் போகலாம், பழைய படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால்தான் பிடிபடும், அதனால் அவற்றைத் தூக்கிப் போடாதீர்கள். உலோகம் இருப்பதால் எம்.ஆர்.ஐ. எடுக்கவே கூடாது என்பதும் சரியல்ல, அதற்கென்றே தனி செட்டிங் உண்டு.

இன்னொன்று, என்ன மூட்டு வைத்தார்கள் என்றே பலருக்குத் தெரியாது. உலோகத்தோடு உலோகம் உரசும், டிப்யூ கம்பெனியின் ஏ.எஸ்.ஆர். மூட்டை 2010 ஆகஸ்டில் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றார்கள். உரசலில் கோபால்ட், குரோமியம் ரத்தத்தில் கலந்து, சுற்றியுள்ள சதையையும் கெடுத்தது. இந்தியாவில் பாதிக்கப்பட்டவர்களுக்கு 30 லட்சம் முதல் 1.23 கோடி ரூபாய் வரை இழப்பீடு என்று பிறகு நிர்ணயமானது. எந்த மூட்டு என்று தெரிந்தால்தான் இந்த உலோகங்களின் அளவைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை உங்களுக்குத் தேவையா என்பதே தெரியும். கம்பெனி பெயரும் லாட் நம்பரும் (தயாரிப்புத் தொகுதி எண்) உள்ள ஸ்டிக்கர் டிஸ்சார்ஜ் சம்மரியிலோ கேஸ் ஷீட்டிலோ ஒட்டியிருக்கும், கேட்டு வாங்குங்கள்.

காரணம் தெரியாமல் மறு ஆபரேஷனுக்கு மட்டும் அவசரப்படாதீர்கள். முதுகுத்தண்டில் நரம்பு அழுத்தப்பட்டாலும் இதே இடத்தில் வலிக்கலாம், மூட்டை மாற்றினாலும் அது போகாது.